உஷார்! டாக்டர் பெயரைக் கேட்காத ‘ரிக்கவரி கோச்’

மகள் மூன்று மாதமாகச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருக்கிறாள். சாப்பிட்ட கையோடு பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். மாதவிலக்கு நின்றுவிட்டது. கேட்டால் ‘டயட்’ என்கிறாள். டாக்டரிடம் போகலாம் என்றால் அழுகிறாள். அந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராமில் ஒரு முகம் சிரிக்கிறது. ‘நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். மீண்டுவிட்டேன். பன்னிரண்டே வாரத்தில் உன்னையும் மீட்கிறேன்.’ பெயருக்குக் கீழே, ‘ஈட்டிங் டிஸ்ஆர்டர் ரிக்கவரி கோச்’, அதாவது உண்ணும் கோளாறிலிருந்து மீட்பவர்.

ஜிபேயைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது?

யாரும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக வேலை பார்க்க ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். மனநல மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு எண் உண்டு. கோச் என்று போட்டுக்கொள்ள ஒரு போன் போதும். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே முடி வெட்டக்கூட லைசென்ஸ் கேட்பார்கள், கோச்சிடம் கேட்பதில்லை.

அதன் விலை என்ன என்பதை டெக்சாஸில் பார்த்தோம். பிரிட்டனி டான் டேவிஸ் என்ற உடற்பயிற்சிப் பிரபலம் ஆன்லைனில் டயட் திட்டமும் தனிப்பட்ட கோச்சிங்கும் விற்றார். 2022 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநில அரசே அவர்மேல் வழக்குப் போட்டது. ஆளுக்கேற்ற திட்டம் என்று காசு வாங்கிவிட்டு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே திட்டத்தை அனுப்பினார், உண்ணும் கோளாறு உள்ளவர்களைக் கையாளத் தனக்குத் தனிப் பயிற்சி இருப்பது போலக் காட்டிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. உதவி கேட்டு வந்த அத்தகைய பெண்களுக்கும் பொத்தாம்பொதுவான உற்சாக வார்த்தைகளே பதிலாகப் போயின என்றது அரசுத் தரப்பு. 2023-இல் 4 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து சமரசத்தில் முடிந்தது. இதைக் கவனியுங்கள்: வழக்கு நுகர்வோரை ஏமாற்றியதாகத்தான். பொய் சொல்லி விற்றதற்காக. நோயாளியைத் தொட்டதற்காக இல்லை.

கோச்சே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் முன்னோடி என்று சொல்லத்தக்க கரோலின் காஸ்டின், சாப்பாட்டை ஒதுக்கிப் பட்டினி கிடக்க வைக்கும் அனோரெக்ஸியா நோயிலிருந்து மீண்டவர். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. படித்து உரிமம் பெற்ற சிகிச்சையாளர் ஆனார். 1996-இல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் மான்டே நிடோ என்ற தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்தைத் தொடங்கினார். பிறகுதான் கோச்சுகளுக்குப் பயிற்சி தர வந்தார். அவர் வழியில் கோச்சின் வேலை ஒரு டாக்டர் சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடக்கும் நாட்களில் இருக்கிறது. மளிகைக் கடைக்குக் கூடப் போவது, ஹோட்டலில் எதிரே உட்கார்ந்து சாப்பிட வைப்பது, ராத்திரி பத்து மணிக்குப் பயம் கவ்வும்போது மெசேஜுக்குப் பதில் போடுவது. வாரம் ஒரு மணி நேரம் பார்க்கும் டாக்டரால் இதெல்லாம் ஆகாது. நல்ல கோச் அந்த இடைவெளியை நிரப்புகிறார். டாக்டர் நாற்காலியில் உட்காருவதில்லை.

அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கக் கூடாது? மனநோய்களில் உயிர்ப்பலி மிக அதிகமாக வாங்குபவற்றில் ஒன்று அனோரெக்ஸியா. சாப்பிட்டதை வாந்தியாக வெளியேற்றுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் சரிகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வெளியே பார்த்தால் சிரித்துக்கொண்டு காலேஜுக்குப் போய்க்கொண்டிருப்பாள். எடை சரியாக இருக்கும் பெண்ணுக்கும் இந்த ஆபத்து வரும். வீடியோ காலில் கோச்சுக்கு எது தெரியும்?

சாப்பிட ஆரம்பித்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டைச் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் விழுந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். முதல் சில நாட்கள்தான் கண்டம். இரண்டாம் உலகப் போரின்போது பட்டினியிலிருந்து மீண்டவர்கள், சாப்பாடு கிடைத்த பிறகு மடிந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொண்டது. ‘பயப்படாம எல்லாத்தையும் சாப்பிடு கண்ணு’ என்று கோச் சொல்வது கேட்க இனிமையாகத்தான் இருக்கும். அதைச் சொல்லும் முன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் யார் கையில் இருக்கிறது?

‘மனசு வைச்சா முடியும்’ என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள். பட்டினியே மூளையை அப்படித் திருகிவிடுகிறது. அந்த மூளையிடம் போய் மன உறுதியைப் பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்?

மனுஷ கோச் மட்டுமில்லை, மெஷினும் வந்துவிட்டது. அமெரிக்காவின் தேசிய உண்ணும் கோளாறுகள் சங்கமே 2023-இல் தன் ஹெல்ப்லைனை மூட முடிவெடுத்தது. அப்போது அதன் கையில் டெஸ்ஸா என்ற சாட்பாட் இருந்தது. மீள வந்தவர்களுக்கு அது எடை குறைக்க யோசனை சொல்ல ஆரம்பித்தது. விஷயம் வெளியே வந்ததும் அவசரமாக நிறுத்தினார்கள். குடிப்பழக்கத்தை விட வந்தவனுக்கு ஒயின்ஷாப் வழி காட்டின மாதிரி!

இதெல்லாம் கடல் தாண்டிய சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருத்தி மாதக்கணக்கில் சாப்பாட்டைச் சுருக்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஆன்லைன் டயட் வீடியோக்களைப் பின்பற்றினாள் என்று செய்திகள் சொல்லின. அனோரெக்ஸியாவாக இருக்கலாம் என்றார்கள் டாக்டர்கள்.

ஆகவே கோச்சிடம் பேசுவதாக இருந்தால் முதல் ஐந்து நிமிடம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘எந்த டாக்டர் பார்க்கிறார், அவரோடு நான் பேசலாமா’ என்ற கேள்வி வருகிறதா? வரவில்லையென்றால் போனை வைத்துவிடலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும், ‘அம்மாவுக்குச் சொல்லாதே’ என்றாலும், பழைய போட்டோ புதிய போட்டோ என்று ஒட்டி வைத்துத் தன் உடம்பையே விளம்பரமாக்கினாலும் அதே பதில்தான். முழுத் தொகையும் முன்பணமாகக் கேட்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

குறிப்பாக, அம்மாவை ஒதுக்குவது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்த குடும்பச் சிகிச்சை முறை, வளரிளம் பருவத்து அனோரெக்ஸியாவுக்கு இன்று முன்னணிச் சிகிச்சை. அதில் பிள்ளைக்கு மூன்று வேளையும் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை எழாமல் இருப்பவர் பெற்றோர்தான். சிகிச்சையாளர் அவர்களுக்குப் பின்னால் நின்று வழி சொல்கிறார்.

நாளைக் காலையே பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாடி, ரத்த அழுத்தம், பொட்டாசியம், பாஸ்பேட், ஒரு ஈசிஜி கேளுங்கள். மனநல மருத்துவருக்கு அங்கிருந்தே கடிதம் வாங்குங்கள். யாரிடம் போவது என்றே புரியவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் போனாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். 108.