கன்றின் முதல் மூச்சில் திறக்கும் ரத்தக்குழாய்

மார்கழிப் பனியில், விடியற்காலையில் பசு ஈனுகிறது. கன்று முழு வளர்ச்சியோடுதான் பிறக்கிறது. ஆனால் சிறிது நேரத்தில் நாக்கு நீலம் பாரித்து, மூச்சுத் திணறி அடங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் கதிர்காமம் பக்கத்துக் குடும்பத்துக்கு, சுமார் 280 நாள் காத்திருந்த பலன் கைநழுவிப் போகிறது. காரணம் பல இருக்கலாம். அவற்றில் வெளியே தெரியாத ஒன்று, நுரையீரல் ரத்தக்குழாய் சரியாகத் தளராமல் போவது.

தாய் வயிற்றில் கன்று மூச்சு விடுவதில்லை. பிராணவாயு தொப்புள்கொடி வழியாக வருகிறது. அதனால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கியே இருக்கும். ரத்தத்தின் பெரும்பகுதி ஒரு குறுக்குக் குழாய் வழியாக நுரையீரலைத் தாண்டிப் போய்விடும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நிலைமை தலைகீழாகிறது. நுரையீரல் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. குறுக்குக் குழாய் சுருங்கி மூடத் தொடங்குகிறது.

குழாயைத் தளர்த்துவதில் முக்கியப் பங்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்கு உண்டு. குழாயின் உட்சவ்வே இதைச் சுரக்கிறது. உட்சவ்வை நீக்கினால் குழாய் தளர்வதில்லை என்பதை 1980-இல் முயலின் ரத்தக்குழாயை வைத்து அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறந்த குட்டிக்கு இந்தத் தளர்வு முழுமையாக அமைந்திருப்பதில்லை. பன்றிக்குட்டிகளில் செய்த ஆய்வில், பிறந்த உடனே மிகக் குறைவாக இருந்த தளர்வு சில நாட்களில் கூடியது தெரிந்தது. குழாய்ச் சுவரின் தசையும் முதலில் தடித்திருந்து, பிறகே மெலிகிறது. எனவே பிராணவாயு குறைந்தாலோ, குளிர் தாக்கினாலோ இளங்கன்றின் நுரையீரல் குழாய்கள் மீண்டும் இறுகிக்கொள்ளும். வளர்ந்த மாடு தாங்குவதைக் கன்று தாங்காது.

ஆகவே கன்று விழுந்ததும் செய்ய வேண்டியவை:

• மூக்கு, வாயிலுள்ள கோழையை உடனே வழித்தெடுக்கவும். வைக்கோல் நுனியால் மூக்கைச் சீண்டினால் மூச்சு இழுக்கும்.

• பின்னங்காலைப் பிடித்து நெடுநேரம் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. குடல் சரிந்து நுரையீரலை அமுக்கும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்திப் படுக்க வைக்கவும்.

• தாயை நக்க விடவும். நக்காவிட்டால் உலர்ந்த சாக்கால் நன்கு தேய்த்துத் துடைத்து, காய்ந்த வைக்கோலில் படுக்க வைக்கவும்.

• தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவவும்.

• ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர், முதல் நாளுக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

• கொசுவுக்காக மூடிய கொட்டகையில் மூட்டம் போடக் கூடாது. புகை கன்றின் மூச்சைத்தான் முதலில் கெடுக்கும்.

நாக்கும் ஈறும் இளஞ்சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. நீலமாகவோ வெளிறியோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும். கதிர்காமத்தை அடுத்த குரும்பாபேட்டையிலேயே ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பசு ஈனும் நாள் நெருங்கும்போதே மருத்துவரின் தொலைபேசி எண்ணைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.