அலை தின்னும் கரைக்குக் கல் அணைப்பு



ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் ஊருக்கே சந்தோஷம். ஆனால் அதே நாளில் ஒருவர் மட்டும் கவலையோடு நிற்பார். அவருடைய பட்டா நிலம் ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருக்கும். போன வருஷம் கரையோரம் நின்ற தென்னை இந்த வருஷம் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும். மாட்டுக் கொட்டகைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருபது அடி இருந்தது பன்னிரண்டு அடியாகியிருக்கும். இன்றைக்கு அவரை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன். கனமான கல்லை எப்படிக் கொண்டுவந்து, எப்படி அடுக்கினால் அந்தக் கரை நிற்கும் என்பதுதான் விஷயம்.

முதலில் மண்ணை எது எடுக்கிறது என்று தெரிய வேண்டும். பலரும் வெள்ளம் என்று நினைக்கிறார்கள். ஏரியில் வெள்ளத்தைவிட அலைதான் எதிரி. காற்று அடிக்கும்போது அலை கரையில் ஒரே மட்டத்தில் மோதிக்கொண்டே இருக்கிறது. அந்த மட்டத்தில் மண்ணைக் குடைந்து பொந்து போட்டுவிடும். மேலே இருக்கிற மண் கொஞ்ச நாள் அந்தரத்தில் தொங்கும். பிறகு பாளம் பாளமாக விழும். விழுந்த மண்ணை அடுத்த அலை கரைத்துக்கொண்டு போகும். மறுபடியும் பொந்து, மறுபடியும் சரிவு. தண்ணீர் மளமளவென்று இறங்கும் சமயத்திலும் கவனம் வேண்டும். ஊறிப்போன கரைக்கு எதிரே தண்ணீரின் தாங்கல் போய்விடுவதால், அலையே இல்லாத நாளிலும் அது உட்கார்ந்துவிடும்.

அலை எந்தப் பக்கம் பலமாக அடிக்கும்? நீர்ப்பரப்பு எந்தத் திசையில் நீளமாக இருக்கிறதோ, அந்த நீளத்தைத் தாண்டி காற்று வந்தால் அலை பெரிதாக இருக்கும். நம் ஏரிகள் நிரம்புவது வடகிழக்குப் பருவத்தில். அந்தக் காற்று தெற்கு, தென்மேற்குக் கரைகளைத்தான் அதிகம் அடிக்கிறது. புயல் வந்தால் கணக்கு மாறும். நம் பக்கத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. அதனால் புயலின் மையத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர்களுக்கு மேற்கிலிருந்து காற்று வரும். கிழக்குக் கரை அடி வாங்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததே, அந்த மாதிரிப் புயலில் உங்கள் ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கல் வேண்டும் என்பது அப்போதே விளங்கிவிடும்.

அவசரத்துக்கு நம்மவர்கள் என்னென்னவோ போடுகிறார்கள். தென்னை மரத்துண்டு போட்டால் மிதந்து போகிறது. பிளாஸ்டிக் சாக்கில் மண்ணை மூட்டை கட்டி அடுக்கினால் ஒரு கோடை வெயிலில் சாக்கு நைந்துவிடுகிறது. சிலர் செலவு செய்து, செங்குத்தாகச் சுவரே எழுப்புகிறார்கள். செங்குத்துச் சுவரில் மோதிய அலை திரும்பிக் கீழே பாய்ந்து சுவரின் காலையே தோண்டும். இரண்டு பருவத்தில் சுவர் முன்பக்கமாகக் குப்புற விழும். கரையைச் சாய்த்துக் கல் பதித்தால் அலை ஏறி, கல் இடுக்கில் உடைந்து, பலம் இழந்து இறங்கும்.

சாய்ப்பு என்றதும், "அய்யோ, நிலம் போகுதே சார்" என்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பார்ப்போம். கரை நாலு அடி உயரம். ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி சாய்ப்பு என்றால் எட்டு அடி உள்ளே வெட்ட வேண்டும். நூறு அடி நீளக் கரைக்கு 800 சதுர அடி, அதாவது இரண்டு சென்ட்டுக்கும் குறைவு. வருஷம் இரண்டு அடி அலையில் போகிறது என்றால் நாலு வருஷத்தில் அதே எட்டு அடி போகும். அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கும். சாய்ப்புக்குக் கொடுத்தது அத்தோடு நிற்கும்.

வெட்டாமல் முன்பக்கம் மண்ணைக் கொட்டி ஏரிக்குள் நீட்டலாமே என்று கேட்காதீர்கள். அது ஏரிப் புறம்போக்கு. 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பாகிவிடும். முதலில் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். கல் அணைப்பு முழுவதும், அதன் அடிக்கால் உள்பட, உங்கள் பட்டாவுக்குள் அடங்க வேண்டும். ஏரியின் கரையே உங்கள் நிலத்தை ஒட்டி அரிக்கிறது என்றால் நீங்களாக அதில் கை வைக்கக் கூடாது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறைக்கும், சிறிய ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் எழுதிக் கொடுங்கள். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் வட மாவட்டங்களில் எத்தனை ஏரிகள் உடைந்தன என்பது உங்களுக்கே தெரியும். கரை பொது விஷயம்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் கல் போடச் சொன்னேன். மனுஷன் கடன் வாங்கி, நல்ல கருங்கல்லாகக் கொண்டுவந்து, சாய்ப்பு வெட்டி, மண் மேலேயே அழகாகப் பதித்தார். அடுத்த தை மாதம் போய்ப் பார்த்தால் பாதிக் கல் குழிக்குள் இறங்கிக் கிடந்தது. "சார், கல்லு இருக்குது, மண்ணு மட்டும் போயிடுச்சே!" என்றார். அவர் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான் சொல்ல மறந்தது அடியில் போட வேண்டிய ஜல்லி. அலை பின்வாங்கும்போது கல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. அதோடு மண்ணும் வெளியே வந்துவிடும். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சல்லடை மாதிரி ஒரு படுகை இருந்தால் தண்ணீர் வரும், மண் வராது. மூன்று அங்குலம் பெருமணல், அதன்மேல் மூன்று அங்குலம் ஜல்லி, அதன்மேல்தான் கல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கடையில் கிராவல் என்று கொடுக்கிற செம்மண் கலந்த சரளை இதற்கு ஆகாது, கரைந்து போகும். இப்போது ஜியோ டெக்ஸ்டைல் என்று ஒரு துணி வருகிறது. மணலுக்குப் பதில் அதை விரிக்கலாம். பிளாஸ்டிக் தாள் மட்டும் விரிக்காதீர்கள். பின்னால் ஊறும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மொத்தத்தையும் தள்ளிவிடும். கல் இடுக்கில் சிமெண்ட் பூசக் கூடாது என்பதும் இதனால்தான்.

எவ்வளவு பெரிய கல் வேண்டும்? காற்று பலமாக அடிக்கிற நாளில் அங்குலம் குறித்த கம்பு ஒன்றை நட்டு, அலையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் எத்தனை உயரம் என்று பாருங்கள். நான் சொன்ன சாய்ப்பில், ஓர் அடி அலைக்கு 4, 5 கிலோ கல்லே நிற்கும். இரண்டு அடி அலைக்கு 35 கிலோ வேண்டும். மூன்று அடி என்றால் 110 கிலோவுக்கு மேல். அலை இரட்டித்தால் கல்லின் எடை எட்டு மடங்கு ஆக வேண்டும் என்பது கணக்கு. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. தண்ணீருக்குள் 47 கிலோதான் தேறும். அதனால் பார்வைக்குக் கனமான கல்லும் அலையில் புரளும். நம் பக்கத்துச் சாதாரண ஏரிகளுக்கு 40, 50 கிலோ கல் போதும். உடைத்த, மூலை உள்ள கல்லாக வாங்குங்கள், ஒன்றோடொன்று கவ்வும். உருண்டைக் கல் உருளத்தான் செய்யும். குவாரியில் கல்லோடு நடைச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். வழியில் வண்டியை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அளவு பார்ப்போம். நாலு அடி உயரக் கரையில் சாய்வு நீளம் ஒன்பது அடி வரும். ஓர் அடி கனத்துக்கு 100 அடி நீளம் பதிக்க 900 கன அடி. அடிக்காலுக்கு இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்தால் 300 கன அடி. ஆக 12 யூனிட் கல், சுமார் 55 டன். மணலும் ஜல்லியும் சேர்ந்து ஐந்தரை யூனிட். நாலு அடி என்பது நிறை நீர் மட்டத்துக்கு மேலேயும் சேர்த்து. அலை ஏறுகிற இடம் வரை, அலை உயரத்துக்கு ஒன்றரை மடங்காவது நீர் மட்டத்துக்கு மேல் கல் இருக்க வேண்டும்.

55 டன்னை நகர்த்துவது விளையாட்டில்லை. அதனால் வேலையைப் பங்குனி, சித்திரையில் வையுங்கள். ஏரி காய்ந்திருக்கும், டிராக்டர் கரையின் காலடிக்கே வரும். கல்லை மேலிருந்து சரித்துக் கொட்டவே கூடாது. ஜல்லிப் படுகை கிழிந்துபோகும், கீழே நிற்பவர் காலும் போகும். காய்ந்த தரையில் கரையோரமாகப் பத்தடிக்கு ஒரு குவியலாக இறக்குங்கள். அங்கிருந்து மேலே ஏற்றுவது சுலபம். மழைக்கு முன் மிச்சக் கல்லையும் ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அடிக்காலுக்குப் பெரிய கல் வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரக் கல் 250 கிலோ இருக்கும். அதைத் தூக்க நினைக்காதீர்கள், நெம்புங்கள். ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரை அடி தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் உங்கள் பலம் ஒன்பது மடங்காகும். ஒரு விளிம்பை மட்டும் கிளப்பும்போது பாதி எடைதான் தாங்க வேண்டும். ஆகவே 15 கிலோ அழுத்தத்தில் 250 கிலோ கல்லின் விளிம்பு மேலே வரும். வந்ததும் அடியில் ஆப்பு வையுங்கள், கையை வைக்காதீர்கள். அங்குலம் அங்குலமாகக் கிளப்பி, பலகை நுழைத்து, பலகைக்கு அடியில் உருளைக் கட்டைகள் போட்டால் மூன்று பேர் தள்ளிக்கொண்டு போகலாம். பின்னால் கழன்ற கட்டையை எடுத்து முன்னால் போட ஒரு ஆள் வேண்டும். 'ஐலசா' சொல்லிச் சேர்ந்து தள்ளுவதில் காரணம் இருக்கிறது. கல் அசையத் தொடங்கும் அந்த ஒரு கணத்துக்குத்தான் எல்லோர் பலமும் ஒன்றாகத் தேவை.

டிராக்டரில் இழுப்பவர்கள் ஒன்றைக் கேளுங்கள். வடத்தையோ சங்கிலியையோ பின் அச்சுக்கு மேலே எங்கும் கட்டாதீர்கள். கல் அசையாமல் நின்றால் முன் சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாக்கச் சாயும். ஒரு நொடி வேலை, குதிக்க நேரம் இருக்காது. கீழே இருக்கிற இழுவைக் கொக்கியில் மட்டும் கட்ட வேண்டும். இழுக்கும்போது வடத்தின் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. சாய்ப்பில் வேலை செய்யும்போது கல்லுக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது. நாள்பட்டுக் கிடந்த குவியலில் தேளும் பாம்பும் இருக்கும். கடப்பாரையால் புரட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 50 கிலோ கல்லைக் குனிந்து ஒருவர் தூக்குவது இடுப்புக்கு ஆகாது. கொம்பில் கயிறு கட்டி இரண்டு பேர் சுமக்கட்டும்.

பதிப்பது காலிலிருந்து மேலாக. அடிக்கால் பள்ளத்தில் பெரிய கல்லை உட்கார வைத்த பிறகே மேல் வரிசை. மணற்பாங்கான தரையில் கல் கொஞ்சம் புதையும், பயப்பட வேண்டாம். புதைந்து நின்றதும் அதன்மேல் இன்னொன்று வையுங்கள். கல்லணையில் நம் முன்னோர் மணலில் கல்லைப் புதையவிட்டு அதன்மேல் கல் வைத்தே அஸ்திவாரம் பிடித்தார்கள். ஆர்தர் காட்டன் துரை அதை அவர்களிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். மேல் வரிசைகளில் கல்லின் நீளப் பக்கம் கரைக்குள் போக வேண்டும். பார்வைக்குப் பட்டையாகப் படுக்கவைத்தால் அலை தகடு மாதிரிப் பெயர்த்துவிடும். வைத்த கல் மேல் ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சில்லுக் கல்லை இடுக்கில் அடித்து இறுக்குங்கள்.

இரண்டு ஓரத்தையும் கரைக்குள் ஆறடி மடக்கி முடியுங்கள். இல்லையென்றால் அலை பக்கவாட்டில் நுழைந்து பின்னாலிருந்து அவிழ்க்கும். கல் முடிகிற இடத்தில் பக்கத்து நிலத்தில் அரிப்பு கூடுவது உண்டு. ஆகவே கல் போடும் முன்பே பக்கத்துக்காரரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போட்டால் நடுவில் மடக்க வேண்டிய கல்லும் மிச்சம், சண்டையும் மிச்சம். லாரி வாடகையும் பங்காகும்.

மேல் விளிம்பில் வெட்டிவேரை நெருக்கமாக இரண்டு வரிசை வையுங்கள். வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும். அருகும் நல்லதே. நெய்வேலிக் காட்டாமணக்கு சீக்கிரம் வளர்கிறதே என்று நடாதீர்கள். ஏரி முழுக்கப் பரவி ஊரே உங்களைத் திட்டும். பெரிய மரம் கரை விளிம்பில் வேண்டாம். காற்றில் ஆடி, வேரோடு கல்லையும் கிளப்பும்.

முதல் வருஷம் கல் கொஞ்சம் உட்காரும். புயல் ஓய்ந்த மறுநாள் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு கல் நகர்ந்த இடத்தை அன்றைக்கே அடைத்தால் ஒரு கல்லோடு போகும். விட்டுவிட்டால் சுற்றியுள்ள பத்துக் கல் அந்த ஓட்டை வழியாக இறங்கும். இதற்காகவே, வாங்கும்போது அரை யூனிட் கல்லை மேட்டில் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் கல்யாணப் பந்தலுக்கு அடுப்புக் கல் வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள்.