படகில் ஏறாத 29 வயது இளைஞர்... ராமநாதபுரம் கடற்கரையில் மறந்துபோன ஒரு வரலாறு!

2025 செப்டம்பர் 7. வத்திக்கானில் திருத்தந்தை 14-ம் லியோ, இரண்டு பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். ஒருவர் 15 வயதில் இறந்த கார்லோ அகூட்டிஸ். இன்னொருவர் 24 வயதில் இறந்த பியர் ஜார்ஜியோ ஃப்ராசாட்டி. மலையேற்றத்தில் பைத்தியமாக இருந்தவர் ஃப்ராசாட்டி. வாயில் புகைக்குழாயோடு பாறை உச்சியில் நிற்கும் அவர் படத்தைப் போட்டு, 'ஒவ்வொரு நாளையும் முழுசா வாழணும்' என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்டேட்டஸ் ரெடி!

ஆனால், அவர் வீட்டுக்கே தெரியாத இன்னொரு பக்கம் இருந்தது. அப்பா பெரிய பத்திரிகை அதிபர். மகனோ கையிலிருந்த காசையெல்லாம் டூரின் நகரத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வருவார். 1925 ஜூலையில் போலியோ தாக்கிப் படுக்கையில் விழுந்தபோது, விரல் மரத்துப்போன நிலையிலும் கிறுக்கல் எழுத்தில் ஒரு சீட்டு எழுதினார். யாரோ ஓர் ஏழை நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்தைப் பற்றிய சீட்டு அது. மறுநாள் இறந்துவிட்டார். சவ ஊர்வலத்துக்குத் திரண்டு வந்த ஏழைகளைப் பார்த்த பிறகுதான் குடும்பத்துக்கே விஷயம் புரிந்தது.

இப்படி ஒருவரைத் தேடி இத்தாலி வரை போக வேண்டியதில்லை. அங்கிருந்து ஒருவர் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கே வந்திருக்கிறார்.

ஏர்வாடியிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் கீழக்கரை, பெரியபட்டினம், அதற்கப்பால் மண்டபத்துக்குச் சற்று முன்பு வேதாளை. கன்னியாகுமரியில் தொடங்கும் பழைய முத்துக்குளித்துறை மறைப்பணித் தளத்தின் வடக்கு முனையாக 16-ம் நூற்றாண்டில் இருந்தது இந்த வேதாளைதான்.

இந்தக் கரை நெடுக நடந்தே போய் வந்தவர் அந்தோணியோ கிரிமினாலி. (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது வெறும் குடும்பப் பெயர்!) 1520-ல் இத்தாலியின் பார்மா அருகே பிறந்தவர். அப்போதுதான் தொடங்கியிருந்த இயேசு சபையில் 22 வயதில் சேர்ந்தார். 1545-ல் கோவாவில் வந்து இறங்கினார். சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பி, பின்னர் அங்கிருந்த குருக்களுக்குத் தலைவராகவும் ஆக்கினார். ஊர் ஊராக நடப்பது, சிறுபிள்ளைகளைக் கூட்டிவைத்து ஜெபம் சொல்லிக்கொடுப்பது, தமிழ் படிப்பது. அவருடைய நாட்கள் இப்படித்தான் போயின.

1549-ம் ஆண்டு. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களிடம் வேதாளையில் இருந்த போர்த்துகீசிய கேப்டன் வரி கேட்டார். கோயிலுக்குப் போகிறவர்களை மறித்துக் காசு கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? விஜயநகர ஆட்சிக்குட்பட்ட வடுகர் படை வேதாளை மீது பாய்ந்தது. வம்பை இழுத்த போர்த்துகீசியர்கள் கப்பலை நோக்கி ஓடினார்கள். கரையில் நின்றவர்கள் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்களும் குழந்தைகளும்தான். வரி போட்டதில் அவர்களுக்கு என்ன பங்கு?

அந்த நேரத்தில் கிரிமினாலி வேதாளையில் இருந்தார். படகில் ஏறிவிடும்படி அவரை வற்புறுத்தினார்கள். அவர் ஏறவில்லை. பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றிவிடுவதிலேயே நின்றார். படை அவரை நெருங்கியது, ஈட்டி பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 29. இயேசு சபையில் கொல்லப்பட்ட முதல் ஆள் அவர்தான். ஆனாலும் இன்றுவரை அவருக்குப் புனிதர் பட்டம் இல்லை.

ஓட முடியாதவர்களோடு நிற்பது என்று சொல்லும்போது, இந்தக் கரையில் ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு இன்றும் எல்லா மதத்தவரும் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உயிரைக் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பாடு ஊட்டிவிட ஆள் இருந்தாலே போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் அவர்களில் உண்டு.

கிரிமினாலிக்கு வந்ததைப் போன்ற நாள் எல்லோருக்கும் வருவதில்லை. பெரும்பாலோருக்கு வாய்ப்பது காத்திருக்கும் நாட்கள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பு, அரசுத் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பு, கடலுக்குப் போன அண்ணன் இலங்கைக் கடற்படையிடம் சிக்காமல் திரும்ப வேண்டுமே என்று வீட்டில் காத்திருப்பு. 'நாளைய கவலையை நாளைக்கே விட்டுவிடு' என்ற மலைப்பொழிவு போதனையை ஞாயிறு பிரசங்கத்தில் கேட்பது எளிது. கடனுக்கு வட்டி கட்டும் வீட்டில் இருபது வயதுப் பையனுக்கு அது எப்படிக் காதில் விழும்?

இங்கேதான் கிரிமினாலியின் தோழர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். அவரும் 1520-ல் பிறந்தவர், கிரிமினாலிக்குச் சம வயது. போர்த்துகீசியரான இவருடைய முன்னோர் யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இயேசு சபையில் சேர்ந்து முத்துக்குளித்துறைக்கு வந்த பிறகு, தமிழ் ஒன்றே வேலை என்று உட்கார்ந்தார். வினைச்சொல்லின் காலங்களையும் பெயரின் வேற்றுமைகளையும் லத்தீன் இலக்கணம்போலப் பிரித்து எழுதி வைத்துக்கொண்டு படித்தார். மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமலே மக்களோடு பேசினார்.

வேதாளையில் நண்பர் கொல்லப்பட்டதும், தலைவர் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு இவர் இந்தக் கரையை விடவில்லை. தினமும் அதே மணல், அதே சொற்கள், அதே வேலை. சொல்லிக்கொள்ள வீரக்கதை எதுவும் இல்லை.

கிரிமினாலி இறந்து 29 ஆண்டுகள் கழித்து, 1578-ல் கொல்லத்தில் ஒரு சிறு நூல் அச்சானது. பெயர் 'தம்பிரான் வணக்கம்'. மொத்தமே 16 பக்கங்கள். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அதைத் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். அப்போது அவருக்கு வயது 58. எட்டு ஆண்டுகள் கழித்துப் புனிதர்களின் வரலாறுகளைச் சொல்லும் பெரிய நூல் ஒன்றையும் தமிழில் கொண்டுவந்தார். 1600-ல் காலமானார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.