வழிப்போக்கரும் ஊர் உணவும்

ஒருவரை நல்லவரென்று சான்று கூற வந்த மனிதரிடம், கலீபா உமர் (ரலி) அவர்கள் மூன்று வினாக்களைத் தொடுத்ததாக வரலாறு கூறுகிறது. அவருக்கு அண்டை வீட்டாராய் வாழ்ந்ததுண்டா? அவருடன் கொடுக்கல் வாங்கல் உண்டா? அவருடன் பயணம் சென்றதுண்டா? மூன்றுக்கும் இல்லையென்று விடை வரவே, அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறிவிட்டார்கள். பயணம் மனிதனின் உள்ளத்தை வெளியே கொணர்ந்துவிடும். அந்நிய ஊரில், முன்பின் அறியாத உணவு நம்முன் வைக்கப்படும் வேளையில் அது இன்னும் விரைவாக வெளிப்பட்டுவிடும்.

சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி, இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டு. இன்று காமராசர் துறைமுகமென வழங்கும் எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. அதனால் பல ஊர்களிலிருந்தும் மக்கள் இங்கே பிழைப்பு நாடி வருகின்றனர். அவர்களிடையே முஸ்லிம்களும் உண்டு. மீனவர் குப்பங்களும் பழவேற்காடு வரை நீளும் உப்பங்கழியும் சூழ்ந்த இந்த நிலத்தில், ஊர் உணவு என்பது மீனும் இறாலும் நண்டும்தான். பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழிச் சேற்றில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இங்கே உண்டு.

இத்தகைய ஊரில் பிற சமயத்தார் ஒருவர் அன்புடன் உணவுக்கு அழைத்தால், முஸ்லிம் பயணி என்ன செய்வது? மார்க்கம் இதனைக் கடினமாக்கவில்லை. ஆடு, கோழி எனில் அறுத்த முறையை அறிய வேண்டும். மீனுக்கோ அறுத்தல் என்ற நிபந்தனையே இல்லை. கடல் வேட்டையும் அதன் உணவும் உங்களுக்கும் பயணிகளுக்கும் பயனாக ஆகுமாக்கப்பட்டுள்ளன என்ற கருத்தைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 96ஆம் வசனம் அறிவிக்கிறது. பயணிகளை இறைவன் தனியே நினைவுகூர்ந்துள்ள நயத்தை எண்ணிப் பாருங்கள்! ஆகாத உணவு சமைத்த பாத்திரமோ என்ற ஐயம் எழுமானால், வேறு பாத்திரம் கிடைக்காதபோது அதனைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்ற வழியையும் நபிமொழி காட்டுகிறது.

அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு தோழர்கள் கடற்கரையில் பசியால் வாடி, இலைகளையும் தின்று காலம் கழித்தனர். அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. பல நாட்கள் அதனை உண்டு உயிர் தரித்தனர். மதீனா திரும்பி நிகழ்ந்ததைக் கூறியபோது, அது அல்லாஹ் அளித்த உணவென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததோடு, எஞ்சியதில் தாமும் வாங்கி உண்டார்கள்.

ஆயினும் மீனைத் தாண்டியதும் மத்ஹபுகளின் வேறுபாடு எழுகிறது. ஹனபி மத்ஹபில் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகும். இறால் மீனினத்தைச் சேர்ந்ததா என்பதில் அம்மத்ஹபின் அறிஞர்களே இருவேறு கருத்துடையர். ஷாபிஈ மத்ஹபில் இறால் ஆகும். நண்டையோ, நிலத்திலும் நீரிலும் வாழ்வது என்ற காரணத்தால் விலக்கிய ஷாபிஈ அறிஞர்களும் உண்டு. நீரிலேயே வாழும் கடல் நண்டை அனுமதித்தவர்களும் உண்டு. ஆகவே ஒரே பாயில் அமர்ந்த இரு முஸ்லிம்களுள் ஒருவர் உண்ண, மற்றவர் விலகியிருப்பது இயல்பே. உண்பவரைப் பேணுதலற்றவர் என்பதும், உண்ணாதவரைப் பழைமைவாதி என்பதும்தான் தவறு.

இதற்கு அண்ணலாரின் வாழ்வே வழிகாட்டுகிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை பொரித்த உடும்பு பரிமாறப்பட்டது. இன்னதென்று அறிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் நீட்டிய கரத்தை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவினார்கள். இல்லை, தம் சமூகத்தார் நிலத்தில் இது இல்லாமையால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விடை வந்தது. நபிகளார் பார்த்திருக்கவே காலித் (ரலி) அவர்கள் அதனை உண்டார்கள். தமக்குப் பிடிக்காததைப் பிறருக்கு ஹராமாக்கவில்லை. உணவைப் பழிக்கவுமில்லை. விரும்பினால் உண்பதும், இல்லையேல் விட்டுவிடுவதுமே அவர்களின் வழக்கம்.

மார்க்கம் பேணிப் பயணம் செய்த முன்னோரும் சென்ற ஊரின் உணவைப் புறக்கணிக்கவில்லை. 1326ஆம் ஆண்டில் எகிப்தின் தென்பகுதி வழியே செங்கடல் துறையான ஐதாபுக்குச் சென்ற இப்னு பதூதா, அவ்வூரில் மீனும் பாலும் மிகுதி, தானியமும் பேரீச்சையும் வெளியிலிருந்து வருவன என்று குறித்து வைத்தார். அதே பயணி பின்னர் நம் மதுரைக்கு வந்து கடுங்காய்ச்சலில் வீழ்ந்தபோது, இம்மண்ணில் மலிந்த புளியைக் கரைத்துக் குடித்தார். அல்லாஹ் சுகமளித்தான் என்று நன்றியுடன் எழுதினார். காட்டுப்பள்ளிக் குப்பத்து மீன் குழம்பில் கொதிப்பதும் அப்புளியே அன்றோ!

இறுதியாக ஒன்று. ஆகுமானதையும் தூய்மையானதையும் உண்ணுமாறு திருமறை இரண்டையும் இணைத்தே கட்டளையிடுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் படர்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆற்றில் படிந்துள்ளது. மீன் ஹலாலாயிருந்தும், அது வாழும் நீரை மனிதன் மாசுபடுத்திவிட்டால் தூய்மை எங்கே? விருந்தளித்தவருக்காக இறைஞ்சுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அவருடைய உணவில் பரக்கத்தை வேண்டி ஏந்தும் கரங்கள், அந்த உணவைத் தரும் கழியையும் கடலையும் காக்கவும் நீளட்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!