கடல்நீரில் எழும் குமிழிகளின் கணக்கு

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு. கதிரவனின் செலவைக் கணக்கிட்டு, நிழலைக் கொண்டு தொழுகை வேளையை அறியும் கருவி அது. நேரில் அளக்க இயலாததைக் கணக்கின் வழியே அறியும் இம்முறையையே இன்றைய அறிவியலார் கணித மாதிரி என்பர். அதன் தேவை இன்று அதே கரையில் வேறொரு வடிவிலும் எழுந்துள்ளது.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, மீனவர் குப்பங்கள் சூழ்ந்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் உள்ளது. கடல்நீரை உள்வாங்கும் ஆலைகளின் குழாய்களில் சிப்பியினங்களும் பாசியும் ஒட்டி வளர்வது இயல்பு. அதனைத் தடுக்க உலகில் பல இடங்களில் கடல்நீரையே மின்பகுப்புச் செய்கின்றனர். நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் பிரிகின்றன. குளோரின் கரைசலில் கலந்து ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினியாகிறது. ஹைட்ரஜனோ குமிழிகளாக எழுகிறது.

ஃபாரடேயின் விதிப்படி, ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், இயல்பான அழுத்தத்திலும் 0 பாகை வெப்பநிலையிலும் ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜன் பிறக்கும். வாயு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே குமிழிகள் பெருகுந்தோறும் மின்னோட்டத்தின் பாதை குறுகுகிறது. புரூக்மன் 1935-இல் வகுத்த சமன்பாட்டின்படி, கரைசலின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு குமிழியாயின் கரைசலின் மின்தடை 17 விழுக்காடு கூடும். பத்தில் மூன்று பங்காயின் 71 விழுக்காடு கூடும். தடை ஏறும் வேகம் குமிழியின் பெருக்கத்தை விஞ்சுவதை இங்குக் காண்கிறோம்.

குமிழி எவ்வளவு நேரம் தங்கும் என்பது அதன் பருமனைப் பொறுத்தது. ஸ்டோக்ஸின் விதிப்படி, 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி நீரில் நொடிக்கு 1.4 மில்லிமீட்டர் அளவே மேலெழும். விட்டம் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். நீரின் ஓட்டத்தையும் மின்வாய்களின் இடைவெளியையும் இக்கணக்கைக் கொண்டே அமைக்கின்றனர். வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றக்கூடும் என்பதால் அதனையும் கணக்கிட்டே அகற்றவேண்டும்.

கணக்குப் பிழைத்தால் நேர்வது என்ன? மின்னழுத்தத்தை மாற்றாதிருந்தால் கிருமிநாசினி குறையும். ஏற்றினால் மின்சாரம் வெப்பமாக வீணாகும். ஊகத்தால் அளவு மிகுந்துவிட்டாலோ, எஞ்சிய குளோரின் கடலுக்குத் திரும்பி மீன்குஞ்சுகளுக்கும் இறால்குஞ்சுகளுக்கும் ஊறு செய்யும். அவற்றை நம்பியே குப்பத்து அடுப்புகள் எரிகின்றன.

எனினும் குமிழிகள் ஒன்றோடொன்று கூடும், மின்வாயில் ஒட்டும், ஒரே பருமனில் இரா. ஆதலின் மாதிரி தரும் விடையை அளவீட்டால் சரிபார்ப்பது கடமையாகிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை இத்துறையில் நம் இளைஞர்க்கு வழி திறந்துள்ளன.

மீஸான் எனும் தராசை நாம் கடைத்தெருவுக்கு உரியதாக மட்டும் கருதிவிடுகிறோம். கடலிலிருந்து எடுப்பதற்கும் கடலுக்குத் திருப்பிவிடுவதற்கும் அளவு உண்டு. அந்த அளவை அறிவதும் அமானிதத்தைப் பேணுவதேயாகும்.