மூளையின் செக்யூரிட்டி கேட் லீக் ஆனால்?

அல்சைமர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, மூளையில் குப்பை மாதிரி சேரும் அமிலாய்டு புரதம். இன்றைக்கு அதை விட்டுட்டு, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரைப் பார்ப்போம். கதை அங்கேயும் ஆரம்பிக்கலாம்.

1885-ல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். உடம்பெல்லாம் நிறம் ஏறியது, மூளை மட்டும் அப்படியே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயம் ஒட்டாது போல என்று நினைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் நேரடியாகச் சாயத்தை விட்டார். இப்போ மூளை நீலமாச்சு, உடம்பு மாறல! அப்போ சாயம் ஒட்டத்தான் செய்யுது. நடுவில் ஏதோ ஒன்று தடுக்குது.

அதுதான் ரத்த-மூளைத் தடுப்பு. நம்ம பாஷையில் ஃபயர்வால். மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கிடக்கும். ஆக்சிஜன் தானாகவே போயிடும். குளுக்கோஸுக்குத் தனி வாசல். மற்ற பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இல்லை. வெளியே பெரிசைட் என்ற செல்கள் குழாயை அணைத்துப் பிடித்து, இந்தச் சுவரைப் பராமரிக்கும்.

ஆனால் ஃபயர்வாலுக்கு வயசாகாது, இந்தச் சுவருக்கு ஆகும். 2015-ல் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெரிஸ்லாவ் ஸ்லோகோவிச்சின் குழு, உயிரோடு இருக்கும் மனிதர்களின் மூளையை எம்ஆர்ஐ-யில் பார்த்தது. நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் வயசு ஏற ஏறக் கசிவு கூடியது. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களிடம் இன்னும் அதிகம். 2019-ல் அதே குழு இன்னொன்றும் காட்டியது: அமிலாய்டு, டௌ புரதங்களில் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆரம்பகட்டக் குறைபாடு உள்ளவர்களிடம் இந்தக் கசிவு தெரிந்தது.

கசிந்தால் என்ன? ஃபைப்ரினோஜென் மாதிரி ரத்தப் புரதங்கள் உள்ளே போகும். ரத்தத்தில் அவை நல்ல பிள்ளைகள். மூளைக்குள் போனால் அழற்சியைக் கிளப்பிவிடும்.

"சுவர் ஓட்டையானா மருந்து ஈஸியா உள்ளே போகுமே?" என்று கேட்கலாம். அப்படி இல்லை. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெக்கானெமாப் மருந்தில் மிகச் சிறிய பங்குதான் மூளைக்குள் சேரும். சிலருக்கு மூளை வீக்கமும் நுண் ரத்தக்கசிவும் வருவதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். சுவர் பலவீனமாக இருந்தால் சிகிச்சைக்கும் அது சிக்கல்தான்.

கசிவுதான் நோய்க்கு ஒரே காரணம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீங்க. ஆனால் ரத்தக்குழாயைப் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கு. 9,300-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாக வந்தது. டிமென்ஷியாவில் அந்த அளவுக்கு உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கு எந்த எண் சரி என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

ஸோ, இந்த வார ஹோம்வொர்க் ஒண்ணுதான்: அப்பா அம்மாவுக்கு பிபி பாருங்க. அப்படியே உங்களுக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!