அரசியல் சதிப் படங்களும் அவற்றைப் பார்ப்போரும்

துப்பறியும் கதை என்றால் நமக்குக் கொள்ளை ஆசை. எந்தப் பள்ளி நூலகத்திலும் அட்டை முதலில் கிழிந்து போகும் புத்தகங்கள் அவைதாம். ஒரு கொலை நடக்கும். சந்தேகம் பலர் மேல் விழும். கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து உண்மையை விளக்குவார். போலீசார் வந்து குற்றவாளியை அழைத்துச் செல்வர். நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

அரசியல் சதிப் படம் எனப்படும் திரைப்பட வகை இந்த நிம்மதியைத் தருவதில்லை. அங்கும் கொலை உண்டு. துப்புத் துலக்குபவரும் உண்டு. ஆனால் போலீசை நம்பி அழைக்கலாமா என்பதே அங்கே கேள்வி. குற்றம் செய்தவரும் அதை விசாரிக்க வேண்டியவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களாக இருந்துவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சத்தின் மேல்தான் அப்படங்கள் கட்டப்பட்டுள்ளன. பார்ப்பவர் மனத்தில் அவை என்ன செய்கின்றன, பார்த்தவர் பின்னர் என்ன செய்கின்றனர் என்பதைச் சற்று ஆராய்வோம்.

இவ்வகையில் பெரும் புகழ் பெற்ற படம் 1969-ல் வெளிவந்த 'இஸட்'. கிரேக்க நாட்டில் பிறந்து பிரான்சில் குடியேறிய கோஸ்டா காவ்ராஸ் இதன் இயக்குநர். கதைக்கு அடிப்படை உண்மை நிகழ்ச்சி. 1963 மே 22 அன்று கிரேக்க நாட்டின் தெசலோனிக்கா நகரில் (புனித சின்னப்பர் இரு திருமுகங்கள் எழுதி அனுப்பிய அதே ஊர்தான்) சமாதானக் கூட்டமொன்றில் பேசிவிட்டு வெளியே வந்தார் கிரிகோரிஸ் லம்பிராக்கிஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர். அவர் மருத்துவர், நீளத் தாண்டுதலில் பெயர் பெற்ற வீரருங்கூட. மூன்று சக்கர வண்டியொன்றில் வந்தவர்கள் அவரைத் தலையில் தாக்கினர். ஐந்து நாட்கள் கழித்து அவர் உயிர் நீத்தார். சாலை விபத்து என்றனர் அதிகாரிகள். கிறிஸ்டோஸ் சார்ட்ஸெடாகிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதியோ அதை அப்படியே ஏற்கவில்லை. சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் போலீஸ் உயர் அதிகாரிகள் மீதே குற்றம் சாட்டினார்.

படத்தில் இந்த நீதிபதி ஓரிடத்திலும் வீராவேசமாக முழங்குவதில்லை. மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு வரும் அதிகாரிகளிடமும், பெயர் என்ன, தொழில் என்ன என்று சாதாரணமாகவே தொடங்குகிறார். பக்கத்தில் எழுத்தர் தட்டச்சுச் செய்துகொண்டே இருக்கிறார். கோபத்தோடு வெளியேறும் ஒவ்வோர் அதிகாரியும் பூட்டிக் கிடக்கும் கதவொன்றைத் திறக்க முயன்று தடுமாறுகிறார். கொட்டகையில் சிரிப்பு எழும் இடம் இதுவே. அதிகாரம் படைத்தவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதைக் காணும்போது பார்ப்பவர் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் படம் அங்கே முடிவதில்லை. சாட்சிகளுக்கும் நீதிபதிக்கும் பின்னர் நேர்ந்ததைக் கேட்கும்போது சிரிப்பு அடங்கி விடுகிறது. 1967-ல் இராணுவக் கர்னல்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்கள் தடை செய்தவற்றின் பட்டியல் திரையில் நீண்டுகொண்டே போகிறது. படத்தின் பெயரான எழுத்தும் அதில் ஒன்று! கிரேக்க மொழியில் அது 'அவர் வாழ்கிறார்' என்பதற்கு அடையாளமாக லம்பிராக்கிஸின் அன்பர்களால் சுவர்களில் எழுதப்பட்டு வந்தது. படத்தைக் கிரேக்க நாட்டில் எடுக்க வழியில்லாமல் அல்ஜீரியாவில் எடுத்தனர். சார்ட்ஸெடாகிஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டுச் சிறைக்கும் சென்றார். 1974-ல் கர்னல்கள் ஆட்சி கவிழ்ந்தது. 1985-ல் அதே சார்ட்ஸெடாகிஸ் கிரேக்க நாட்டின் ஜனாதிபதியானார். இப்படி ஒரு முடிவைக் கதாசிரியர் எவரேனும் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றிருப்போம்.

அமெரிக்காவில் இத்தகைய படங்கள் பெருகியது 1970-களின் நடுவில். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜனாதிபதி ஜான் கென்னடி 1963-லும், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் 1968-லும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1972 ஜூன் 17 அன்று, வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்தினுள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் அது வெள்ளை மாளிகையில் போய் முடிந்தது. 1974 ஆகஸ்டில் ஜனாதிபதி நிக்ஸன் பதவி விலகினார். அடுத்த ஆண்டே செனட் சபைக் குழுவொன்று, அயல்நாட்டுத் தலைவர்களைக் கொல்ல அமெரிக்க உளவுத்துறை திட்டமிட்டிருந்ததை வெளிப்படுத்தியது. சந்தேகப்படுபவரைப் பித்தர் என்று தள்ளிவிட முடியாத காலம் அது.

ஆலன் பக்கூலா என்ற இயக்குநர் அந்நாளில் இரண்டு படங்கள் எடுத்தார். 1974-ல் வந்த 'தி பாரலாக்ஸ் வியூ'வில் சதியைத் தேடிச் செல்லும் பத்திரிகையாளர் தாமே கொல்லப்பட்டு, கொலைப் பழியும் அவர் தலையில் விழுகிறது. கொட்டகையை விட்டு வருபவருக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்ற சோர்வே மிஞ்சும். 1976-ல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' வாட்டர்கேட் உண்மைகளை வெளிக்கொணர்ந்த இரு இளம் நிருபர்களைப் பற்றியது. அதில் ஒரு காட்சியை மறக்கவே முடியாது. காங்கிரஸ் நூலகத்தில் இருவரும் புத்தகம் எடுத்தோர் எழுதிய சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் புரட்டுகின்றனர். காமிரா மேலே மேலே எழும்ப, வட்டமான அந்தப் பெரிய படிப்பறையில் அவர்கள் இரு சிறு புள்ளிகளாகிவிடுகின்றனர். தேடியது கிடைக்கவுமில்லை! துப்பாக்கிச் சண்டை ஒன்றுகூட இல்லாத இப்படத்தை மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். உண்மையைத் தேடும் வேலை எவ்வளவு சலிப்பானது என்பதை இவ்வளவு சுவையாகக் காட்டிய படம் வேறில்லை என்பது என் எண்ணம்.

இனி, மிகுந்த வாதத்தை எழுப்பிய படத்துக்கு வருவோம். ஆலிவர் ஸ்டோன் 1991-ல் எடுத்த 'ஜே.எஃப்.கே.' மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. கென்னடி கொலைக்காகக் கிளே ஷா என்பவர் மீது வழக்குத் தொடுத்த நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் காரிஸன் இதன் கதாநாயகர். உண்மை வழக்கில் 1969-ல் நடுவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஷாவை விடுதலை செய்தனர்.

ஆஸ்வால்டு தனியாகவே சுட்டான் என்பது 1964-ல் வாரன் குழு தந்த முடிவு. ஜனாதிபதியின் கழுத்தினூடே பாய்ந்த குண்டே அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த டெக்சாஸ் கவர்னர் கானலியையும் காயப்படுத்தியது என்றது அக்குழு. படத்தில் காரிஸன் நீதிமன்றத்தில் இருவரை ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்து, குண்டு நடுவானில் நின்று வலமும் இடமும் திரும்பியிருந்தாலொழிய இது நடவாது என்று காட்டுகிறார். பார்ப்பவர் கைதட்டத் தோன்றும். ஆனால் கானலி அமர்ந்தது காரின் மடக்கு இருக்கையில். அது பின்னிருக்கையைவிடத் தாழ்ந்தது. கதவை விட்டுச் சற்று உள்ளே தள்ளியும் இருந்தது. அவர் உடலும் வலப்புறம் திரும்பியிருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து வரைந்தால் குண்டின் பாதை நேர்க்கோடாகவே அமைந்துவிடுகிறது. வடிவ கணிதம் படிக்கும் மாணவியர் தாளில் போட்டுப் பார்க்கலாம். இதேபோல், ஃபெர்ரி என்பவர் விடுதி அறையில் சதியை ஒப்புக்கொள்வதாக வரும் காட்சியும் கற்பனையே. அப்படி ஓர் ஒப்புதலை அவர் அளிக்கவில்லை.

இவ்வளவு தவறும் கண்ணில் படாமல் போவதேன்? படத்தொகுப்பின் திறமைதான். கொலை நிகழ்ந்தபோது பார்வையாளர் ஒருவர் தம் சிறு காமிராவில் எடுத்த ஏறத்தாழ 26 விநாடிப் படம் இதில் இடம் பெறுகிறது. அது உண்மையானது. அதனருகிலேயே, நடிகர்களைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்சிகளையும் பழைய செய்திப் படம்போலக் கலந்து விட்டிருக்கிறார் இயக்குநர். பாலும் நீரும் கலந்தபின் பிரிக்க அன்னப் பறவைதான் வர வேண்டும். அந்த ஆண்டு படத்தொகுப்புக்கான ஆஸ்கார் பரிசு இப்படத்துக்கே கிடைத்தது.

இப்படம்தான் மக்கள் மனத்தைக் கெடுத்தது என்று சொல்வாருண்டு. அதை ஒப்புவதற்கில்லை. படம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே, 1976-ல் கேலப் நிறுவனம் கேட்டபோது, கென்னடி கொலையில் பலருக்குப் பங்குண்டு என்று 81 சதவிகிதத்தினர் கூறியிருந்தனர். படம் விதைக்கவில்லை, முளைத்திருந்ததற்கு நீர் வார்த்தது.

பார்த்தவரிடம் அது உண்டாக்கிய விளைவுதான் விந்தையானது. மனநூல் ஆராய்ச்சியாளர்களான பட்லர், கூப்மன், சிம்பார்டோ ஆகிய மூவர், கொட்டகைக்குள் நுழைவோரிடமும் படம் முடிந்து வெளிவருவோரிடமும் வினாத்தாள் கொடுத்து விடை பெற்றனர். 1995-ல் அம்முடிவுகள் வெளியாயின. பார்த்து வந்தவரிடம் கோபம் மிகுந்திருந்தது. சதியில் நம்பிக்கையும் கூடியிருந்தது. ஆனால் வாக்களிக்கும் எண்ணம் குறைந்திருந்தது! எல்லாவற்றையும் மறைவில் யாரோ நடத்துகிறார்கள் என்று நம்பிவிட்டவருக்கு வாக்குச் சாவடிக்குப் போய் என்ன பயன் என்று தோன்றிவிடுகிறது போலும். நேர்மையற்ற ஆட்சியாளருக்கு இதைவிட வசதியான குடிமக்கள் கிடைப்பரோ?

வேறு விதமாக நடந்தவர்களும் இருந்தனர். கொலையை மறுபடி விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழுவின் கோப்புகள் 2029 வரை பூட்டியே வைக்கப்படும் என்ற அறிவிப்போடு படம் முடிந்தது. இதைப் படித்தவர்கள், அந்தக் கோப்புகளைத் திறந்து காட்டுங்கள் என்று தம் பிரதிநிதிகளை வற்புறுத்தினர். ஓராண்டுக்குள் சட்டமே பிறந்தது. 1992 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட அச்சட்டப்படி, கென்னடி கொலை பற்றிய அரசாங்க ஆவணங்கள் அனைத்தும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வெளியாக வேண்டும். ஐவர் கொண்ட குழுவொன்று 1994 முதல் 1998 வரை தாள் தாளாகப் பார்த்துப் பெரும்பகுதியை வெளியிட்டது. எஞ்சியவற்றில் சிலவற்றை 2017-க்குப் பிறகும் தள்ளிப் போட்டனர். 2025 மார்ச்சில் மேலும் பல ஆயிரம் பக்கங்கள் வெளிவந்தன.

இவற்றில் என்ன கிடைத்தது? கொலைக்குச் சில வாரங்கள் முன்பு மெக்ஸிகோ நகருக்குச் சென்ற ஆஸ்வால்டை உளவுத்துறை எவ்வாறு கவனித்து வந்தது என்பது விரிவாகத் தெரிய வந்தது. பொறுப்பான இடங்களில் இருந்தவர்கள் தம் குறைகளை மூடி மறைக்கப் பட்ட பாடும் தெரிய வந்தது. படம் காட்டிய பெருஞ்சதியை நிறுவும் தாள் மட்டும் கிடைக்கவில்லை. விடை தவறாக இருந்தும், கேள்வி கேட்டவர்கள் பூட்டைத் திறந்துவிட்டனர்.

ஐம்பது லட்சம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த ஆவணங்கள் மேரிலாந்து மாநிலத்தில் காலேஜ் பார்க் என்னும் ஊரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர் அட்டை பெற்றுக்கொண்டு எவரும் உள்ளே போய்ப் படிக்கலாம். அவற்றுள் பலவற்றை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். தட்டச்சு மங்கி, முத்திரைகள் குத்திய அந்தத் தாள்களை நம் வீட்டிலிருந்தபடியே புரட்டிப் பார்க்கலாம்.